அவர் எங்கள் ஊரைப் படம் எடுக்கவில்லை

போன ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளத்தடியில் கால் வைக்க இடமில்லை. கனடாவிலிருந்து அக்காவின் மகன் வந்திருந்தான். அப்பாவுக்குப் பிதிர்க்கடன் கொடுக்க எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்ற குறை அம்மாவுக்குப் பல வருடமாக இருந்தது. அன்று பேரன் குளத்தில் இறங்கி முழுகி எழுந்ததைப் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே அழுதார். ஈர வேட்டியோடு கரையேறியவன் தலையைத் துவட்டும் முன்பே என்னிடம் கேட்டான்: “சின்னம்மா, இதுதானே அமிர்தகழி? பாலுமகேந்திரா பிறந்த வீடு எது?” ரொறன்ரோவில் அவன் படிப்பது திரைப்படம். சின்ன வயதிலேயே இங்கிருந்து போனவனுக்கு ஊரைப் பற்றி நினைவில் இருப்பது வாவியும் பக்கத்து வீட்டு நாயும்தான் என்று அக்கா சொல்வாள். ஆனால் அந்தத் திரைப்பட இயக்குநரின் பெயரை அவன் சொன்ன விதத்தில், சொந்தக்காரரைத் தேடி வந்தவனின் உரிமை இருந்தது.

எனக்கு வீடு தெரியவில்லை. பூ விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். கோயிலை அடுத்த ஒழுங்கையில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். இருவருக்கும் பெயர் தெரிந்திருந்தது. “எங்கள் ஊர்ப் பிள்ளைதான் மனே” என்று பெரியவர் பெருமையோடு சொன்னார். வீட்டைக் காட்ட அவராலும் முடியவில்லை. திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் ஓட்டோ நெரிசலில் நின்றது. அப்போது அவன் அடுத்ததைக் கேட்டான். “அவர் ஏன் இங்கே ஒரு படமும் எடுக்கவில்லை?” நான், “எனக்கும் அந்தக் கோபம் இருந்தது” என்றேன். “இருந்ததா, இருக்கிறதா சின்னம்மா?” என்றான். பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்ந்தோம். அவன் திரும்பிப் போயும் மாதங்கள் ஆகிவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

கோபம்

இந்தக் கோபம் என்னோடு பிறந்ததில்லை, ஊரில் இருந்து எடுத்துக்கொண்டது. கலைவிழா மேடைகளில் அவரை மண்ணின் மைந்தர் என்று புகழ்வார்கள். அதே ஆட்கள் மேடையை விட்டிறங்கித் தேநீர் குடிக்கும்போது குரல் மாறும். அவர் நமக்கு என்ன செய்தார் என்பார்கள். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நானும் அந்தக் கட்சி, அதிலும் உரத்த குரல் என்னுடையது. ‘சதி லீலாவதி’யை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 1995 இல் வந்த படம். கமல்ஹாசன் அதில் கொங்குத் தமிழ் பேசுகிறார். அந்தப் பேச்சின் இழுப்பையும் குழைவையும் அவ்வளவு ஆசையோடு படமாக்கியவர் பேசி வளர்ந்த தமிழ் எது? பிள்ளையை ‘மனே’ என்றும் தோழியை ‘வாகா’ என்றும் கூப்பிடும் தமிழ். நான் பார்த்த அவருடைய படங்களில் எந்தப் பாத்திரத்தின் வாயிலும் அந்தத் தமிழைக் கேட்டதில்லை. 1983 யூலையில், ‘மூன்றாம் பிறை’யின் ஹிந்தி வடிவமான ‘சத்மா’ வெளிவந்த அதே மாதத்தில், கொழும்பில் எங்கள் ஆட்களின் வீடுகள் எரிந்தன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு விவாதத்தில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கைதட்டு இன்று என்னை உறுத்துகிறது. எங்கோ எரிந்த வீடுகளுக்கும் இன்னொரு நாட்டில் ஓடிய ஒரு படத்துக்கும் நாட்காட்டி போட்ட முடிச்சைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை. அதை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

போனவர்களின் மேல் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு எப்போதும் உண்டு. என் அக்கா மீதுகூட எனக்கு அது இருந்தது. அந்தக் கணக்கை நான் பொய் என்று சொல்ல வரவில்லை. யாருடைய கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கூட்டிக் கழிக்கிறோம் என்பதுதான் என் சங்கடம்.

பெண் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை

அவர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1939 இல் பிறந்த பெஞ்சமின் மகேந்திரன், புனித மிக்கேல் கல்லூரி மாணவன். பள்ளிச் சுற்றுலாவில் கித்துள்கலைக்குப் போன இடத்தில் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ எடுத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் ‘மழை’ என்று உரக்கச் சொன்னதும் மழை பெய்தது, அந்த இடத்திலேயே தனக்கும் இயக்குநர் ஆகும் ஆசை வந்தது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் சினிமாவின் மந்திரம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் எங்கள் ஊர்ப் பையன் தெரிகிறான். மட்டக்களப்புப் பிள்ளைக்கு மழை புதிதில்லை. மாரியில் வாவி பெருகி, வயலும் வீதியும் ஒன்றாகி, தண்ணீர் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் ஊர் இது. எங்களுக்கு மழை தானாக வரும், வந்தால் நாங்கள் ஒதுங்குவோம். ஒரு மனிதன் கூப்பிட்டு மழை வந்து நின்றதைப் பார்த்தால் எங்கள் பிள்ளையால் எப்படி வீடு திரும்பியிருக்க முடியும்?

1966 இல் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். கிடைத்தது ஒளிப்பதிவுப் பிரிவில் இடம். 1969 இல் தங்கப்பதக்கத்தோடு வெளியே வந்தவரை மலையாளம் அழைத்துக்கொண்டது. ராமு காரியாட்டின் ‘நெல்லு’வில் அவருடைய ஒளிப்பதிவுக்குக் கேரள அரசின் விருது கிடைத்தது. முதன்முதலில் இயக்கிய ‘கோகிலா’ 1977 இல் வந்தது, அது கன்னடப் படம். தமிழில்தான் சிந்தித்திருப்பார், தமிழில்தான் கனவும் கண்டிருப்பார். முதற் படம் கன்னடம். பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம், ஹிந்தி என்று ஐந்து மொழிகளில் இயக்கினார். இதற்கிடையில் இன்னொரு இயக்குநரான மகேந்திரனின் ‘முள்ளும் மலரு’ம், கே. விஸ்வநாத்தின் ‘சங்கராபரண’மும் அவருடைய கமெராவில் பதிவாயின. மணிரத்னத்தின் முதற் படமான ‘பல்லவி அனுபல்லவி’க்கும் அவர்தான் ஒளிப்பதிவாளர்.

வகைகளையும் பாருங்கள். ‘அழியாத கோலங்கள்’ பையன்கள் வயதுக்கு வரும் கதை. அடுத்த வருடமே ‘மூடுபனி’, மனம் பிறழ்ந்த கொலையாளியின் கதை. அது இளையராஜாவின் 100ஆவது படம். பிறகு ‘மூன்றாம் பிறை’, கேத்தி ரயில் நிலையத்து மழையில் முடிகிற அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அங்கிருந்து ‘நீங்கள் கேட்டவை’, அங்கிருந்து ரஜினிகாந்தை வைத்து ‘உன் கண்ணில் நீர் வழிந்தால்’. இரண்டு பெண்டாட்டிக்காரனின் சிரிப்புக் கதையாக ‘ரெட்டை வால் குருவி’. அதற்கு அடுத்த வருடம் ஒரு பாட்டுக்கூட இல்லாத ‘வீடு’. இவற்றில் ‘நீங்கள் கேட்டவை’யும் ரஜினி படமும் என் மனதில் நிற்கவில்லை. கேட்டதைக் கொடுக்கிறேன் என்ற பெயரிலேயே ஒரு சலிப்பு இருக்கிறது. ஆனால் ‘மூடுபனி’யை எடுத்தவர் சும்மா சந்தைக்காக வகை மாற்றினார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தப் படத்தின் வெளிச்சத்தைப் பாருங்கள். சன்னலால் வரும் பகல் வெளிச்சம்தான். காதல் கதையில் அது முகத்தைத் தடவும், கொலைக் கதையில் அதே வெளிச்சம் பயமுறுத்தும்.

எங்கள் ஊர் வழக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். போன வீட்டில் கிணற்றடி எந்தப் பக்கம், மாமியார் எத்தனை மணிக்கு விளக்கு வைப்பார், மச்சாள்மாருக்கு எந்தப் பேச்சுப் பிடிக்காது என்று பார்த்துப் பார்த்து நடப்பார். சத்தம் போடமாட்டார். நல்ல மாப்பிள்ளை என்றால் சில வருடத்தில் அந்த வீட்டு ஆட்களுக்கே தெரியாத மூலைகள் அவருக்குத் தெரிந்திருக்கும். ஐந்து மொழிகளில், இத்தனை வகைகளில் வேலை செய்த அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாப்பிள்ளைமார்தான் நினைவுக்கு வருகிறார்கள். தனக்கென்று ஒரு மொழிச் சந்தையோ, சொந்தக்காரப் படமுதலாளியோ இல்லாதவர் ஒவ்வொரு வீட்டின் வழக்கத்தையும் புதிதாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆனது. கண்டுபிடித்த இடம் எந்தத் திரையரங்கும் இல்லை, நாவற்குடாவில் கூரை போடாமல் நின்ற எங்கள் வீடு.

நாவற்குடா வளவு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. தாய் தன் வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வளவிலோ பக்கத்து வளவிலோ கொட்டில் போட்டு இருந்துகொண்டு இளையவளுக்கு வீடு கட்டத் தொடங்குவாள். மகள்கள் எத்தனை பேரோ அத்தனை வீடு. வாழ்நாள் முழுக்க வீடு கட்டி, கடைசியில் எந்த மகளின் பின்னறையிலாவது பாய் விரித்துப் படுக்கிற அம்மாக்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். எங்கள் நாவலடி வீடு அக்காவுக்குப் போனது. 2004 மார்கழியில் கடல் அதை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. உயிர்கள் தப்பின. அடுத்த வருடம் அக்கா குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. எனக்கு வீடு கட்டுகிற கடமை அம்மாவின் தலையில் தனியாக விழுந்தது.

2013 இல் வேலை தொடங்கியது. அத்திவாரம் வெட்டிய அன்றே என் அம்மா காணாமற்போனார் என்றுதான் சொல்லவேண்டும். யாருக்கும் முகம் சுளிக்காத மனுசி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தாலாட்டுப் பாடியவர். அவர் கையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வந்தது. சீமெந்து எத்தனை பக்கெட், மணல் எத்தனை டிராக்டர், மேசனுக்கு எவ்வளவு, கையாளுக்கு எவ்வளவு என்று பென்சிலால் எழுதுவார். இரவில் எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி கூட்டுவார். நான் தேநீருக்குச் சீனி கூடப் போட்டால் சத்தம் போடுவார். பாடசாலையிலிருந்து ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் சத்தம் போடுவார். காப்பை ஈடு வைத்தார், பிறகு சங்கிலியை. கல்லுக் கட்டு ஏற ஏற அவர் பேச்சில் இருந்த ஈரமெல்லாம் வற்றிப்போனது. ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், “இந்த வீடு எனக்கு வேண்டாம் அம்மா, பழைய அம்மாவைத் தாருங்கள்” என்று கத்திவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். வாங்கிய சீமெந்துக்கும் சுவரில் ஏறிய சீமெந்துக்கும் கணக்கு இடித்தது. 27 பக்கெட் குறைந்தது. மேசனை நிற்பாட்டினோம். வேலை பல வாரம் நின்றது.

அப்படி நின்றுபோயிருந்த 2014 மாசியில்தான், 13ஆம் திகதி, சென்னையில் பாலுமகேந்திரா இறந்த செய்தி வந்தது. பாடசாலையில் ஓர் இரங்கல் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. பல்கலைக்கழகத்துக் கோபத்தை இரங்கல் குறிப்பில் எழுத முடியாது. ‘வீடு’ இறுவட்டு ஒன்று கிடைத்தது. முன்பு ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். அது சென்னைக் கதை, எங்களுடையது இல்லை என்று வாதத்துக்குக் குறிப்பெடுக்கத்தான் அப்போது பார்த்தேன். இந்த முறை வாடகை வீட்டின் மண்டபத்தில் மடிக்கணினியில் போட்டேன். மின்கட்டணம் ஏறுகிறது என்று ஏசுவதற்காக அம்மா வந்தார். ஏசத் தொடங்கினார். திரையில் ஒரு பெண் தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். அம்மா நிலத்தில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். அர்ச்சனா நடித்த சுதா, இருக்கிற காணியில் பாதியை விற்று, கடனுக்கு அலைந்து, கல் கல்லாக ஏற்றுகிறாள். ஒப்பந்தக்காரர் சீமெந்தைக் கடத்தி விற்பது மங்கம்மா என்ற கூலிப் பெண்ணால் வெளியே வருகிற இடத்தில் அம்மா திரையிடமே கேட்டார்: “எத்தனை பக்கெட்?” பிறகு சொக்கலிங்க பாகவதர், அந்தத் தாத்தா, முடியாத வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். குடையோடு வெயிலில் வந்து, பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். பேச்சே இல்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை மட்டும். அம்மாவின் கை தானாக எழுந்து பக்கத்திலிருந்த சுவரைத் தொட்டது. வாடகை வீட்டுச் சுவர் அது. அவருக்கு அது தெரியவில்லை. கடைசியில், அந்தக் காணியைக் குடிநீர் வாரியம் எப்போதோ எடுத்துவிட்டது என்று அதிகாரி சொல்கிறார், படம் முடிந்துவிடுகிறது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்து, “பிறகு காணி கிடைத்ததா?” என்று கேட்டார். படம் அவ்வளவுதான் என்றேன். அவர் எழுந்துபோய் அடுப்பை மூட்டினார். நான் விரும்புகிற மாதிரிச் சீனி கூடப் போட்டுத் தேநீர் கொண்டுவந்து தந்தார்.

பின்னொரு நாளில்தான் பாலுமகேந்திரா சொன்னதை வாசித்தேன். சிறு வயதில் தங்களுக்கு வீடு கட்டும் வேலை நடந்தபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தன் அம்மாவின் குணம் மாறிப்போனதாம். சிடுசிடுப்பும் கோபமுமாக வேறொரு பெண் ஆகிவிட்டாராம். அந்த நினைவிலிருந்து பிறந்ததுதான் ‘வீடு’. வாசித்த பக்கத்தை மூடிவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றேன். எழுபது வருடத்துக்கு முன்பு இந்த வாவிக்கரையில் ஒரு பையன் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நான் என் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன், அவன் பார்த்து வைத்துக்கொண்டான்.

தமிழ் சினிமாவில் வீடு கட்டுகிறவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பதுதான் வழக்கம். ‘வீடு’ படத்தில் காதலன் பக்கத்தில் நின்று உதவுகிறான், கட்டுகிறவள் சுதா. பாட்டாளிப் பெண் மங்கம்மாதான் அவளுக்கு உண்மையான துணை. சென்னையில் இதைப் பெண்ணின் துணிச்சல் என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் பார்த்தால் அது வெறும் நடைமுறை, வேறு யார் கட்டுவது என்றுதான் அம்மா கேட்பார். தாய்வழியாய் வீடு இறங்குகிற ஊரில் வளர்ந்தவர்தான் ஒரு பெண்ணையும் ஒரு வீட்டையும் இப்படி ஒட்டவைத்துப் பார்த்திருக்க முடியும் என்பது என் வாசிப்பு.

அதற்காக ‘வீடு’ மட்டக்களப்புப் படம் என்று உரிமை கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அதில் வருகிற வீட்டுக்காரர், அலுவலகக் கடன், குடிநீர் வாரியம் எல்லாம் சென்னையின் உண்மை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் அந்த உண்மைக்குக் கிடைத்தவை. போன வீட்டை அவ்வளவு கவனமாகப் படித்த மாப்பிள்ளையின் வேலை அது. அது வெளிவந்த 1988 இல் எங்கள் ஊரில் இந்திய இராணுவம் நின்றது. இரண்டு வருடத்தில் சண்டை மறுபடி தொடங்கி, வீடு கட்டியவர்களெல்லாம் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த வீடுகளைப் பற்றி அவர் படம் எடுக்கவில்லை. எங்கள் பேச்சைத் திரையில் கேட்கும் ஆசை எனக்குத் தீரவில்லை. ஆகவே, மனே, கோபம் இருந்ததா இருக்கிறதா என்று கேட்டாயே, அதில் ஒரு பங்கு இருக்கிறது. என் அம்மாவின் கொப்பிக்கு முன்னால் அதை உரத்துச் சொல்ல மட்டும் எனக்கு இனி வாய் வராது.

விமான நிலையத்தில் அவன் இன்னொன்றும் கேட்டிருந்தான். “நான் எந்த ஊர்ப் படத்தை எடுப்பது சின்னம்மா? பனிக்குள் வளர்ந்தேன், அது என் ஊர் என்று யாரும் நம்புவதில்லை. இங்கே வந்தால் வழி கேட்டுத்தான் நடக்கிறேன்.” அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. போன கிழமை ‘தலைமுறைகள்’ பார் என்று செய்தி அனுப்பினேன். அவருடைய கடைசிப் படம், 2013 இல் வந்தது. எழுபதைத் தாண்டிய வயதில் தானே தாத்தாவாக நடித்திருக்கிறார். தமிழ் தெரியாமல் வளர்ந்த பேரனும் அந்தத் தாத்தாவும் ஒருவருக்கொருவர் மொழி சொல்லிக் கொடுப்பதுதான் கதை. பார்த்துவிட்டு அவன் என்னை அழைக்கவில்லை. அம்மம்மாவை அழைத்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பேசுகிறார்கள். அவன் நாவற்குடா வீட்டைப் பற்றிக் கேட்கிறான். எந்த மாதம் அத்திவாரம் வெட்டினீர்கள், நிலை வைத்த அன்று யார் யார் வந்தார்கள், காப்பை ஈடு வைக்கப் போன அன்று என்ன சேலை உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்கிறான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நேற்று நான் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “இல்லை மனே, இருபத்தைந்து இல்லை, இருபத்தேழு. கொப்பி இருக்கிறது, பொறு” என்று சொல்லிக்கொண்டே எழுந்து அலமாரியைத் திறந்தார்.